வலக்கன்னத்து வெயில்

காய்கிறவரைக்கும் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது என்று மகள் சொல்லியிருக்கிறாள். பேசினால் மூஞ்சியில் பூசின மாவு வெடித்துவிடுமாம், பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காதாம். நல்ல கதை. இந்த வீட்டில் நான் யாரிடம் பேசப் போகிறேன், எதைப் பார்த்துச் சிரிக்கப் போகிறேன். என் பெண்சாதி பாவாயி போய்ச் சேர்ந்ததிலிருந்து இந்த வாய் சோறு தின்னவும் கொட்டாவி விடவும்தான் திறக்கிறது. ஆனாலும் உதட்டை இறுக்கிக்கொண்டு, காற்றாடிக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு, மேலே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். நெற்றியில் பாதி, மூக்கில் பாதி, தாடையில் பாதி. வலப்பக்கம் மட்டும் பூசியிருக்கிறேன். இடப்பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு எதற்கு? ரெண்டு பக்கமும் பூசினால் ரெண்டும் ஒரே மாதிரி வெளுக்கும், வித்தியாசம் அப்படியேதான் நிற்கும். இதை யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. வலப்பக்க டயர் தேய்ந்தால் வலப்பக்கத்தைத்தான் மாற்றுவார்கள். ஈரம் இன்னும் இருக்கிறது, கழுத்துப் பக்கம் ஒரு சொட்டு வழிந்து சட்டைக் காலருக்குள் போகிறது. துடைக்கக் கை போகிறது, நிறுத்திக்கொள்கிறேன். சாயங்காலம் அவள் வருகிறாள். என் மகள் கோகிலவாணி. கோயமுத்தூரிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள், வார்த்தை கேட்க. வெள்ளிக்கிழமை பேத்திக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், தாய்மாமன் என்று ஒருத்தன் இல்லை, எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. "உங்க மடியிலதானுங்ப்பா உக்காரணும் பாப்பா, வேற ஆரு இருக்கறா" என்று போனில் சொன்னாள். நான் பதில் சொல்லவில்லை.  பிறகு, "நேர்ல வர்றேன், ஒரு வார்த்த சொல்லுங்க. முடியாதுன்னா பெரியப்பா மகனக் கேக்கறோம், அவ்வளவுதான்" என்றாள். அவ்வளவுதானாம். என் அண்ணன் மகன் தொப்பையும் மோதிரமுமாகச் சப்பணம் போட்டு உட்கார, அவன் மடியில் என் பேத்தி. அவன் அப்பனோடு நான் பேச்சை விட்டு எத்தனையோ வருசம் ஆகிறது. வேலிக்கல்லை என் பக்கமாக நட்டவன். அவன் மகன் மடி வெள்ளையாகத்தான் இருக்கும், மூஞ்சியும் ஒரே நிறமாகத்தான் இருக்கும், வெயிலில் நின்று ஒரு வேலை செய்தவனா.

வெயிலுக்கும் எனக்கும்தான் பழைய பகை. லாரியில் டிரைவர் வலப்பக்கம் உட்கார்கிறான், வலப்பக்கம்தான் ஜன்னல். சங்ககிரியில் லோடு ஏற்றினால் வடக்கே போக வேண்டும், நாக்பூர், இந்தூர், அதற்கும் மேலே. வடக்கே போகையில் காலை வெயில் வலப்பக்கம். லோடை இறக்கித் தெற்கே திரும்பினால் சாயங்கால வெயிலும் வலப்பக்கம். போனாலும் அடித்தது, வந்தாலும் அடித்தது. கிளீனர்களாக இருந்தவர்கள் இடப்பக்கம் உட்கார்ந்து தூங்கினார்கள், ஒருத்தனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்போது தெரியாது. பக்கக் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியைப் பார்ப்பேனே தவிர மூஞ்சியைப் பார்த்தவன் இல்லை. லாரி செட்டில் தேசிங்கு என்று ஒரு டிரைவர், அவன்தான் முதலில் ஆரம்பித்தான். "மாமா, அந்தப் பக்கம் நின்னா எளவட்டம், இந்தப் பக்கம் நின்னா எங்க பாட்டன். பொண்ணு பாக்கப் போனா எந்தப் பக்கத்தக் கூட்டிட்டுப் போவீங்க?" எல்லாரும் சிரித்தார்கள். டீ கிளாசை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அதற்குப் பிறகு அவன் வண்டி நடுரோட்டில் நின்றபோதுகூட நான் ஜாக்கி கொடுக்கவில்லை. இப்போது நினைத்தாலும் கொடுக்கமாட்டேன். கன்னம் இழுக்க ஆரம்பிக்கிறது. ஓரத்திலிருந்து காய்கிறது, காதுக்குப் பக்கத்தில் தோல் சுருங்கி யாரோ கிள்ளிப் பிடித்த மாதிரி இருக்கிறது. மூக்கில் குழம்பு தாளிக்கிற வாசனை. அது மஞ்சள் வாசனை. போகட்டும். பாவாயி சொல்வாள், மங்கு விழுந்திருக்குது, தேங்காயெண்ணெய் தடவுங்க, துண்டையாச்சும் கட்டிக்கிட்டு ஓட்டுங்க என்று. துண்டு கட்டினால் காது கேட்காது, ஹாரன் கேட்காது. அவளுக்கு என்ன தெரியும். அவளும் என்னை எந்தப் பக்கமாகப் பார்த்தாள் என்று இப்போது யோசிக்கிறேன். பாயில் எனக்கு இடப்பக்கம்தான் படுப்பாள். சுவர் அந்தப் பக்கம் இருந்தது, அதனால்தான். அதனால்தான் என்றுதான் இத்தனை வருசம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மண்டபத்தில் அந்தப் போட்டோக்காரன் தலைமுடியைக் கொண்டை போட்டிருந்தான். கோகிலா கல்யாணத்தன்று. மேடையில் அவ்வளவு விளக்கு, லாரி ஹெட்லைட்டை மூஞ்சியில் அடித்த மாதிரி. "அய்யா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். பொண்ணப் பாருங்க, ஆங், அப்படியே." தாரை வார்க்கையில் திரும்பச் சொன்னான், மாப்பிள்ளைக்கு மாலை போடுகையில் திரும்பச் சொன்னான். அது ஏதோ போட்டோக் கலை என்று நானும் திரும்பினேன், மகளையே பார்த்துக்கொண்டு நின்றேன், சந்தோசமாகத்தான் நின்றேன். ஆல்பம் வந்தது. எல்லாப் படத்திலும் காசில் அச்சடித்த ராசா மாதிரி ஒரு பக்கமாக நிற்கிறேன். ஒன்றே ஒன்றில்தான் நேராக இருந்தேன், அதில் வலது கன்னத்தில் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தான், கம்ப்யூட்டரில். கண்ணுக்குக் கீழே காது வரைக்கும் வழவழவென்று, சுருக்கம் கிடையாது, மருவும் கிடையாது. எனக்கு அந்தக் கன்னத்தில் ஒரு மரு உண்டு. அதையும் எடுத்துவிட்டான். பாவாயியிடம் ஆல்பத்தைக் காட்டி, எவன்டி இந்த வேலை செய்யச் சொன்னான் என்று கேட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை. "கோகிலாதான் சொல்லி வெச்சா. மாப்பிள்ளை ஊட்டு ஒறம்பரைச் சனம் ஆரோ கேட்டாங்களாம், பொண்ணோட அப்பனுக்குத் தீக்காயமான்னு. புள்ள சங்கடப்பட்டுருச்சு. உடுங்க." உடுங்க. எல்லாரும் என்னைத்தான் விடச் சொல்கிறார்கள். அந்த மூஞ்சி கருகித்தான் அவள் பள்ளிக்கூடம் போனாள், காலேஜ் போனாள். அதைச் சொல்லிக் காட்டுகிற ஆள் நானில்லை. சொல்லிக் காட்டாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் அந்த டப்பா. கோகிலா வீட்டில் மூஞ்சிக்குப் பூசுகிற பொடி அரைத்து விற்கிறாள், போனிலேயே படம் போட்டு வியாபாரம். ஒவ்வொரு படத்திலும் ஒரே பொம்பளையின் மூஞ்சி ரெண்டு தடவை, ஒன்றுக்குக் கீழே முன்பு, இன்னொன்றுக்குக் கீழே பின்பு. முன்பு என்கிற மூஞ்சி அழுது வடிகிறது, பின்பு என்கிறது சிரிக்கிறது. எனக்கு ஒரு டப்பா கூரியரில் வந்தது. கூடவே போனில் அவள் பேசி அனுப்பிய குரல். "அப்பா, இது உங்களுக்குன்னே அரச்சது. கஸ்தூரி மஞ்சள், அதிமதுரம், ஆவாரம்பூ, பச்சப்பயறு, மசூர் பருப்பு, ரோசாப்பூ, வேற ஒண்ணும் இல்ல. காய்ச்சாத பாலுல கொழச்சுப் பூசுங்க. மூஞ்சி முழுக்கப் பூசணும். ஒரே நாள்ல போகாது, பொறுமையாப் போடணும். காயறவரைக்கும் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, ஆமா, சொல்லிட்டேன்." கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன், கேலியா என்று பார்க்க. தெரியவில்லை. என் மூஞ்சியை முன்பு என்று போடத்தான் அனுப்பியிருக்கிறாள் என்று பட்டது. டப்பாவைத் திறக்காமல் அட்டாலிப் பரணில் ஏற்றிவிட்டேன். ஆனால் அவள் சொன்ன சாமான்கள் மட்டும் மனசில் பாட்டு மாதிரி ஓடிக்கொண்டே இருந்தன. கஸ்தூரி மஞ்சள், அதிமதுரம், ஆவாரம்பூ. ஒரு நாள் நானே நாட்டு மருந்துக் கடைக்குப் போய்விட்டேன். யார் தயவும் வேண்டாம், என் மூஞ்சி, என் பொடி. கடைக்காரர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "ஆருக்குங்க, பேத்திக்குங்களா?" ஆமாம் என்றேன். "செவப்பா இருக்குமா, மாநெறமுங்களா?" மாநிறம் என்றேன். "பாவம், பொண்ணாப் பொறந்தா இப்ப இருந்தே பூசோணும்" என்று பொட்டலம் கட்டினார். அதைத்தான் இத்தனை நாளாக மதியத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பூசினேன். ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியில் காலையில் பார்த்தால் வெளுத்த மாதிரி இருக்கும், சாயங்காலம் பார்த்தால் பழையபடி இருக்கும். இன்றைக்கு எடுத்தால் கஸ்தூரி மஞ்சள் பொட்டலம் காலி. மறுபடி போனால் பேத்திக்கு எப்படி இருக்குதுங்க என்று அந்த ஆள் கேட்பார், கடையில் நிற்கிறவர்கள் எல்லாம் என் கன்னத்தைப் பார்ப்பார்கள். அடுப்படியில் குழம்புக்குப் போடுகிற மஞ்சள் டப்பா நிறைய இருக்கிறது. மஞ்சள் மஞ்சள்தானே. விட்ட நாளுக்கும் சேர்த்துப் பிடிக்கட்டும் என்று கை நிறைய அள்ளிப் போட்டுவிட்டேன்.

இப்போது கன்னம் பலகை மாதிரி ஆகிவிட்டது. தாடையை அசைக்க முடியவில்லை. காற்றாடி கிடுகிடுவென்று ஒரு பக்கமாக ஆடுகிறது, எதிர்வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது, தெருவில் வெள்ளரிக்காய் வண்டிக்காரன் கூவிக்கொண்டு போகிறான். எல்லார் வீட்டிலும் யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம். போன தடவை கோகிலா வந்தபோது நான் உள்ளேதான் இருந்தேன். இதே நாற்காலி. அவள் தட்டினாள், அப்பா அப்பா என்றாள், பக்கத்து வீட்டில் விசாரித்தாள். நான் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று கேட்டால் அன்றைக்குக் காரணம் இருந்தது, நல்ல காரணம், அவள் ஆல்பத்தில் என்னை எப்படி நிறுத்தினாளோ அப்படி அவளை வாசலில் நிறுத்த வேண்டும் என்று. அவள் போன பிறகு கதவைத் திறந்து பார்த்தேன். படியில் ஒரு பை, அதில் சீப்பு வாழைப்பழம். பழம் கறுத்துப்போகிற வரைக்கும் வைத்திருந்து மாட்டுக்குப் போட்டேன். அதற்குப் பிறகு குழந்தையைக் காட்டுகிறேன் என்று போனில் கூப்பிட்டாள். குழந்தை அருகில் வந்து, அருகில் வந்து, போன் கண்ணாடியில் விரலை வைத்துத் தேய்த்தது. "தாத்தா மூஞ்சில அழுக்கு." எச்சில் தொட்டுத் தேய்த்தது. பின்னாலிருந்து கோகிலா, "அழுக்கில்ல சாமி, அது வெயிலு" என்றாள். வெயில் என்று சொன்னாள். தீக்காயம் என்று சொல்லவில்லை, மங்கு என்றும் சொல்லவில்லை. நான் போனை அணைத்துவிட்டேன். அந்தக் குழந்தை மடியில் உட்கார்ந்து, காதில் ஊசி இறங்குகையில் வீறிட்டுத் தலையைத் தூக்கும், அப்போது மேலே தெரிகிற மூஞ்சி என்னுடையதாக இருக்கும். பயப்படுமா. எச்சிலைத் தொட்டுத் தேய்க்குமா, அத்தனை பேர் முன்னால். மாப்பிள்ளை வீட்டுச் சனம் பார்க்கும். கொண்டைக்காரன் வருவான், அய்யா இந்தப் பக்கம் திரும்புங்க. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் திரும்புவது. ஆனால் அண்ணன் மகன் மடியை நினைத்தால் வயிறு எரிகிறது. அந்த வார்த்தையைச் சொல்லத்தான் போகிறேன், வருகிறேன் என்று சொல்லத்தான் போகிறேன், அதற்குள் இந்தக் கன்னம் கொஞ்சம் வெளுத்தால் போதும். ஒரு நிறமாக ஆக வேண்டாம். இடப்பக்க நிறத்துக்குக் கிட்டத்தில் வந்து நின்றால் போதும்.

"அப்பா."

சாயங்காலம் என்றுதானே சொன்னாள், இன்னும் வெயில் கூரைத் தகரத்தில் படபடக்கிறது. கதவில் வளையல் கை. "அப்பா, முன்னாடி பஸ்ஸே கெடச்சிருச்சு. தொறங்க." நான் அசையவில்லை. மூக்கு ஓரத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது, காயவில்லை, காய்கிறவரைக்கும் பேசக்கூடாது. அவள்தான் சொன்னாள். "உள்ளதான இருக்கறீங்க, செருப்பு வெளிய கெடக்குது." பிறகு குழந்தையின் குரல், "தாத்தா தூங்குது." "தூங்கல சாமி. தாத்தாவுக்குக் கோவம்." சத்தமில்லாமல் எழுந்து குழாயடிக்குப் போகிறேன், குழாயைத் திறந்ததும் அது யானை மாதிரிப் பிளிறுகிறது. தேய்க்கிறேன். மாவு கட்டி கட்டியாக விழுகிறது, பயறு வாசனை, தோல் எரிகிறது. "கொழாச் சத்தம் கேக்குதுங்ப்பா. இப்பவும் தொறக்க மாட்டீங்க, அப்படித்தான?" பாவாயி மாட்டிய கண்ணாடி முன்னால் நிற்கிறேன். வலது பாதி மஞ்சள். மூக்கு நடுவில் கோடு கிழித்த மாதிரி, இந்தப் பக்கம் மாநிறம், அந்தப் பக்கம் மாரியம்மன் கோயில் வேப்பமரத்தில் அப்பி வைத்த மாதிரிக் கடும் மஞ்சள். கறுப்பு போகவில்லை, மஞ்சளுக்கு அடியில் அது பச்சையாகத் தெரிகிறது. சோப்பைப் போடுகிறேன். சோப்பு மஞ்சளாகிறது, துண்டு மஞ்சளாகிறது, மூஞ்சி மட்டும் அப்படியே இருக்கிறது. கையைப் பார்க்கிறேன், உள்ளங்கை, நகம் எல்லாம்.  வாசலில் பையை எடுக்கிற சரசரப்பு. "செரிங்ப்பா. நான் ஒண்ணும் சண்டைக்கு வர்லீங்க. பெரியப்பா மகன்கிட்டச் சொல்லிக்கறேன். ஒடம்பப் பாத்துக்கங்க." படி இறங்குகிற செருப்புச் சத்தம், ஒன்று. இப்படியே இருந்துவிடலாம். பழம் இருக்கும், படியில். கறுக்கும். கை தாழ்ப்பாளில் இருக்கிறது, எப்போது வந்தது என்று தெரியவில்லை.

கதவைத் திறந்து ஒரு பக்கமாக நிற்கிறேன். இடப்பக்கத்தை வாசலுக்குக் கொடுத்து, கண்ணைச் சுவரில் வைத்து. ஆல்பத்தில் நின்ற மாதிரியே நிற்கிறேன் என்று நின்ற பிறகுதான் தெரிகிறது. அவள் மறுபடி மேலே ஏறி வருகிறாள்.

"ஏனுங்ப்பா செவத்தப் பாத்துட்டு நிக்கறீங்க?"

கையை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறேன்.

"என்ன, மஞ்ச வாசம் இப்படி அடிக்குது?" மூக்கை உறிஞ்சுகிறாள். என் கை விரல்களைப் பார்த்திருப்பாள்.  குரல் இறங்குகிறது. "அந்தப் பக்கம் திரும்புங்கப்பா."

திரும்பவில்லை.

"அந்தப் பக்கத்தக் காட்டுங்க. பரவால்ல."

திரும்புகிறேன். வெளிச்சம் முழுக்க வலப்பக்கத்தில் விழுகிறது, பழைய மாதிரியே. அவள் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள், சிரிப்பை அடக்குகிறாளா வேறு எதையாவதா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. "கொழம்பு மஞ்சளையா பூசுனீங்க? ஐயோ, இது கறையாப் புடிக்குமுங்ப்பா. கஸ்தூரி மஞ்சள்தான் ஒட்டாது. நான் அரச்சுக் குடுத்தது எங்க?" அட்டாலியைக் கையால் காட்டுகிறேன். சீல் பிரிக்காத டப்பாவைப் பார்க்கிறாள். "இது வெள்ளிக்கிழமைக்குள்ள போகாதுங்களே" என்கிறாள், பிறகு நான் இன்னும் வார்த்தை சொல்லவில்லை என்பது நினைவு வந்த மாதிரி நிறுத்திக்கொள்கிறாள். "அப்பா, அன்னிக்கு மண்டபத்துல நான்…"

"அத உடு" என்கிறேன். நெடுநாள் கழித்து வந்த குரல், கரகரவென்று இருக்கிறது. விடு என்றால் நான் விட்டுவிட்டேன் என்று அர்த்தமில்லை. அது அவளுக்கும் தெரியும்.

குழந்தை அவள் இடுப்பிலிருந்து எட்டி, என் வலது கன்னத்தில் விரலை வைத்துத் தேய்க்கிறது. விரலைத் திருப்பிப் பார்க்கிறது. எச்சிலைத் தொட்டு இன்னொரு தடவை தேய்க்கிறது.

"போகல" என்கிறது.

"போகாது, சாமி" என்று கையை நீட்டி வாங்கிக்கொள்கிறேன். நினைத்ததைவிடக் கனக்கிறது. உட்கார வைத்தால் மடி நிறைந்துபோகும். கோகிலா பையைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருக்கிறாள், அந்த வார்த்தைக்காக.

"போட்டோக்காரன்கிட்ட இப்பவே சொல்லி வெச்சுரு, கண்ணு. நான் எந்தப் பக்கமும் திரும்ப மாட்டேன்."